அசல் அந்த மாநிலம், நகல் இந்த மாநிலம்

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் தீப்பிடித்தவை இருக்கலாம். வெள்ளம் புகுந்தவையும் இருக்கலாம். ஆனால் ஒருபோதும் பிடிக்காத தீயையும் ஒருபோதும் வராத வெள்ளத்தையும் நாள்தோறும் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை எதிர்த்துப் போராடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் அலுவலகத்தின் ஆவணக் காப்பாளர். ஊர் அவரை அந்துருண்டை என்று அழைத்தது.

சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறோம். அவருடைய பையில் எப்போதும் நாலைந்து அந்துருண்டைகள் இருக்கும். மேசை இழுப்பில் இருக்கும். சைக்கிள் சீட்டுக்கு அடியிலும் ஒரு துணி முடிச்சில் இருக்கும். அவர் வருகிறார் என்பதைச் சைக்கிள் மணிக்கு முன்பே காற்று அறிவித்துவிடும். அலுவலகத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடைக்காரர் அவருக்கென்று தனிக் கண்ணாடித் தம்ளர் வைத்திருந்தார். அது மரியாதை என்று அந்துருண்டை கடைசி வரை நம்பினார். அவர் வீட்டைச் சுற்றி ஐந்து வீடுகளுக்குக் கரப்பான் பூச்சி கிடையாது என்று சொல்வார்கள். நான் போய் எண்ணிப் பார்த்ததில்லை.

எங்களுடையது ஒரு பழைய கல்விச் சங்கம். மிஷன் காலத்துப் பெரியவர்கள் தொடங்கியது. காரோட்டிலும் பொழியூரிலும், மலைமேல் அம்பூரியிலும் சங்கத்துக்குப் பள்ளிகள் இருந்தன. சில இப்போதும் நடக்கின்றன, சில மூடப்பட்டுவிட்டன. மூடிய பள்ளியில் படித்தவர்கள் தம் பிறந்த தேதிக்கும் படித்த வகுப்புக்கும் சாட்சி தேடி எங்களிடம்தான் வரவேண்டும். சாட்சி சொல்வதற்குப் பத்தொன்பது சேர்க்கைப் பதிவேடுகள் இருந்தன. அவற்றை விட்டால் அந்த மக்களுக்கு வேறு நாதி கிடையாது.

அந்த அலுவலகத்துக்கு நான் கண்காணிப்பாளர். முதுகலைப் பட்டம் பெற்றவன். என் கையொப்பம் விழுந்த காகிதத்தை இன்னொருவர் வாங்கிச் சரிபார்த்ததில்லை. படிக்காமல் கையொப்பமிடுபவர்களை நான் பலர் முன்னிலையில் கண்டித்திருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

அந்துருண்டை மாலையில் ஆவண அறையைப் பூட்டுவதைக் காண வெளியாட்கள் வந்து நிற்பதுண்டு. பூட்டுவார். ஏழு முறை இழுத்துப் பார்ப்பார். சைக்கிளில் ஏறிச் சந்திப்பு வரை போவார். அங்கே ஒரு காலை ஊன்றி நின்று யோசிப்பார். திரும்பி வந்து மறுபடி ஏழு முறை இழுப்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பூட்டு சரியாகத்தானே இருக்கிறது ஓய்?" என்று கேட்டேன்.

"பூட்டு சரியாட்டுதான் இருக்கு சாரே. நான் சரியாட்டு பூட்டினேனாங்கதுதான் சந்தேகம்" என்றார்.

சித்திரை மாதத்தில் பதிவேடுகளை முற்றத்தில் பாய் விரித்து வெயில் காட்டுவார். கையில் கம்போடு பகல் முழுவதும் காவல் நிற்பார். ஒரு வருடம் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பாயோரம் வந்து, பொழியூர்ப் பள்ளியின் பதிவேட்டை முகர்ந்து, தும்மிவிட்டுப் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. அவர் பதிவேட்டின் பக்கங்களை முதலிலிருந்து கடைசி வரை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தும் மனம் அமையவில்லை. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எனக்கு உரிமைப்பட்ட ஆடு மேற்படிப் பதிவேட்டில் யாதொரு பக்கத்தையும் தின்னவில்லை" என்று எழுதி வாங்கிவிட்டார். அந்த வாக்குமூலத்துக்கு ஒரு கோப்பு எண் கொடுத்து, அந்துருண்டை ஒன்று வைத்து, அலமாரியில் சேர்த்தார்.

"ஆட்டுக்காரன் எழுதித் தந்த காகிதம் எதற்கு?" என்றேன்.

"சாரே, காகிதம்னு ஒண்ணு எழுதியாச்சுன்னா அதைக் களைய நமக்கு அதிகாரம் கெடையாது. அது நம்மள நம்பி வந்ததாக்கும்."

இப்படிப்பட்டவரின் அறைக்குள்தான் மின்னணு யுகம் நுழைந்தது.

எங்கள் சங்கத்தின் மேனேஜர் நெய்யாற்றின்கரையில் வழக்கறிஞர். முற்போக்கான மனிதர், பொறுமை கிடையாது. ஆவண அறையை இடித்துக் கூட்ட அறை கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "சூப்பிரண்டு சாரே, ஒண்ணு பேப்பர், இல்லெங்கில் கம்ப்யூட்டர். ரண்டும் கூடி வேண்டா. ஆலோசிச்சு ரிப்போர்ட்டு தரணும்" என்று சொல்லிவிட்டார். பதிவேடுகளை மின்வடிவில் ஏற்றிய பின் காகிதத்தை ஒழித்துவிடலாமா, கூடாதா என்று அறிக்கை தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன.

முறைப்படி ஆவணக் காப்பாளரின் கருத்தை எழுத்தில் கேட்டேன். மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பதினொரு பக்கம் எழுதி வந்தார். முதல் ஐந்து பக்கங்களில் காகிதத்தின் பகைவர்கள்: கறையான், இராமபாணப் பூச்சி, மழை, தீ, ஆடு, ஆசிரியர்கள். அடுத்த ஐந்து பக்கங்களில் கணினியின் பகைவர்கள்: மின்வெட்டு, வைரஸ், மறந்துபோன கடவுச்சொல், தேநீர், மீண்டும் ஆசிரியர்கள். பத்துப் பக்கம் படித்த எனக்கே உலகில் எதையும் எழுதிவைப்பது வீண் என்ற முடிவுக்கு வந்துவிடலாம் போலிருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, 'பார்வையிட்டு ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, என் கையொப்பத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாரு முழுசும் வாசிச்சியளா?"

"வாசிக்காமல் கையொப்பமிடுகிற வழக்கம் எனக்கு உண்டா?"

"இல்ல சாரே, இல்ல" என்று சொல்லிப் போய்விட்டார்.

பதிவேடுகளை ஸ்கேனரில் வருடி எடுக்க அம்பூரியிலிருந்து லிஜி என்ற பெண் வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அந்துருண்டையோடு வேலை செய்வதற்குக் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது. காலையில் கணினியைத் திறக்கும் முன் அவர் கண்ணை மூடிச் செபம் செய்வார். பதிவேடுகளுக்கு அந்தச் செபம் கிடையாது. ஏன் என்று அவள் கேட்டாள்.

"மக்கா, காகிதத்துக்கு மருந்து உண்டு. இதுக்குச் செபம் மட்டுந்தான் உண்டு."

அடுத்தது கடவுச்சொல். அதை அவர் ஒரு சீட்டில் எழுதி, உறையில் இட்டு அரக்கு முத்திரை வைத்து, தகரப் பெட்டியில் பூட்டி, பெட்டிச் சாவியை அலமாரியில் பூட்டி, அலமாரிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார். நாள்தோறும் முத்திரையை உடைத்து எடுத்து, வேலை முடிந்ததும் புதிய முத்திரை வைப்பார். தட்டச்சு செய்யும்போது, "மக்கா, அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்பார்.

"சாரே, பாஸ்வேர்டு இட்டதே ஞானல்லே?" என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே முறையிடுவாள்.

"இட்டது நீதான். ஆனா இப்ப அது ஆப்பீசுக்கச் சொத்தாக்கும்."

முதல் நாற்பது பக்கங்கள் திரையில் வந்தபோது ஒவ்வொரு பக்கத்தின் வலது மூலையிலும் பௌர்ணமி நிலவு போல ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. இயந்திரம் பழுது என்று லிஜி பதறினாள். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் புகார் போயிற்று. பிறகு மூடியைத் திறந்து பார்த்தால், கண்ணாடியின் மூலையில் ஓர் அந்துருண்டை பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தது. நாற்பது பக்கங்களையும் மறுபடி எடுத்தார்கள்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கலங்கடித்தது வேறு. மின்வடிவம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிடுவதற்காக, ஏற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் அவர் அச்செடுத்தார். அச்சுகளைப் பதிவேடு பதிவேடாகச் சேர்த்துக் கட்டினார். காகிதத்தை ஒழிக்கத் தொடங்கிய திட்டம் முடிந்தபோது எங்களிடம் இருந்த காகிதம் இரட்டிப்பாகியிருந்தது.

மேனேஜர் என்னிடம் ஒரு சான்றிதழ் கேட்டார். பதிவேடுகள் அனைத்தும் மின்வடிவில் ஏற்றப்பட்டன, அசல்கள் பத்தொன்பதும் ஆவண அறையில் என்னால் நேரில் சரிபார்க்கப்பட்டன என்று நான் எழுதித் தரவேண்டும். அதன் பிறகு அசல்களை என்ன செய்வது என்று சங்கத்தின் நிர்வாகக் குழு வாக்கெடுக்கும். நான் அறைக்குப் போனேன். அந்த நெடி எனக்கு ஆகாது. உள்ளே காலெடுத்து வைத்தால் தும்மல் நிற்காது. ஆகவே வாசலில் நின்று எண்ணினேன். பழுப்புத் தாளில் சுற்றிப் பெயர்ச்சீட்டு ஒட்டிய கட்டுகள் பத்தொன்பது இருந்தன. அவர் அருகில் நின்று கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எண்ணியாச்சா சாரே?"

"எண்ணியாயிற்று."

"தொறந்து பாக்கணுமா சாரே?"

"தேவையில்லை."

சான்றிதழில் கையொப்பமிட்டேன். அது என் வாழ்க்கையில் இரண்டாவது தவறு என்பதும், முதலாவதை ஏற்கெனவே செய்துவிட்டேன் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் தொற்று வந்து ஊர் அடங்கிற்று. எல்லைச் சாலைகளின் குறுக்கே லாரி லாரியாக மண்ணைக் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடு போட்டுவிட்டார்கள். எந்த மாநிலத்து மண் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அந்துருண்டையின் வீடு அலுவலகத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தொலைவுதான். ஆனால் அது தமிழ்நாட்டுப் பக்கம். அவர் அந்தப் பக்கம் அடைபட்டார்.

குழுக் கூட்டத்தைக் காணொளியில் நடத்த மேனேஜர் முடிவு செய்தார். முந்தின நாள் மாலையில் அழைத்தார். "சூப்பிரண்டு சாரே, நாளே ஒந்நாம் ரெஜிஸ்டர் கேமராவில் ஒந்நு காணிக்கணும். எந்றெ அப்பூப்பன்றெ பேரு அதிலுண்டு. எல்லாரும் கண்டிட்டு வோட்டெடுக்காம்."

காரோட்டுப் பள்ளியின் ஒன்றாம் பதிவேட்டில் அவருடைய பாட்டனார் பெயர் இருந்தது உண்மை. நான் மறுநாள் காலையிலேயே அலுவலகம் போய், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து முதல் கட்டைப் பிரித்தேன். உள்ளே இருந்தவை அந்துருண்டை அச்செடுத்த வெள்ளைத் தாள்கள். இரண்டாம் கட்டைப் பிரித்தேன். அதிலும் அச்சுத் தாள்கள். அசலும் அச்சுமாக முப்பத்தெட்டுக் கட்டுகள் இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது கட்டுகளையும் பிரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அசல்கள் இங்கே உள்ளன, நேரில் சரிபார்த்தேன் என்று என் கையொப்பம் மேனேஜரின் மேசையில் இருந்தது.

தொலைபேசியில் அந்துருண்டையை அழைத்தேன்.

"ஓய், ஒன்றாம் பதிவேடு எங்கே?"

"பத்திரமாட்டு உண்டு சாரே."

"எங்கே பத்திரமாக இருக்கிறது?"

"எனக்க வீட்டுல."

"மற்ற பதினெட்டும்?"

"அதுவளும் ஒண்ணாத்தான் இருக்கு. அதுவளைப் பிரிக்கப்பிடாதுல்லா?"

அவரே தொடர்ந்தார். "சாரே, கம்ப்யூட்டரும் காகிதமும் ஒரே கூரைக்கக் கீழ இருந்தா ரெண்டுக்கும் ஒரு தீ போருமே! அதாக்கும் அசலை வேற மாநிலத்துல வச்சேன். கேரளத்துக்கு ஒண்ணு வந்தாலும் தமிழ்நாடு நிக்கும்லா? வாரத்துக்கு ரெண்டா சைக்கிள்ல கொண்டுவந்தேன்."

"யாரைக் கேட்டுக் கொண்டு போனீர்?"

"சாரைக் கேட்டுத்தான். பதினோராம் பக்கத்துல எழுதியிருந்தேனே. சாரு ஒப்பும் போட்டுத் தந்தியளே."

சங்கத்தின் ஆவணங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறார். நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமல்.

காரோட்டுப் பக்கம் ஒரு குறுக்குச் சாலையில் மண்மேடு சற்றுத் தாழ்வாக இருந்தது. ஒன்றாம் பதிவேட்டோடு அங்கே வரச் சொன்னேன். அரை மணியில் இந்தப் பக்கம் நானும் ஒரு கேரளக் காவலரும் நின்றோம். அந்தப் பக்கம் அவர், மார்போடு அணைத்த சாக்குப் பொதியோடு வந்தார். அவருக்குப் பின்னால் தமிழ்நாட்டு ஏட்டு ஒருவர் ஓடிவந்தார்.

"ஏய், நில்லு! என்னது, ரேஷன் அரிசியா?"

"அரிசி இல்ல ஏட்டையா. அட்மிஷன் ரெஜிஸ்டர்."

ஏட்டு பொதியை முகர்ந்து பார்த்துப் பின்வாங்கினார். "என்னய்யா இந்த நாத்தம் நாறுது?"

"இது வாசனையாக்கும். ஏட்டையா, தயவுசெஞ்சு கையில அந்த சானிட்டைசரைப் போட்டுக்கிட்டுத் தொடப்பிடாது. மை இளகிரும்."

"நான் எதுக்குடா அதைத் தொடணும்!"

என் பக்கத்துக் காவலர், "சாரே, இவிடே எந்தா பரிபாடி?" என்றார். அலுவலகக் கூட்டம் என்று சொன்னேன். அவர் மண்மேட்டைப் பார்த்தார், என் கரைவேட்டியைப் பார்த்தார், பிறகு சற்று விலகிப் போய் நின்றார்.

கைப்பேசியில் கூட்டம் தொடங்கிற்று. எல்லையில் நிற்கும் கைப்பேசிக்கு எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிப்பது என்று தெரியாது. மேனேஜரின் முகம் வரும், கோணலாக உறையும், போகும். நான் மண்மேட்டின் மேல் இரண்டடி ஏறினேன். என் வயதில் எவரும் செய்யக் கூடாத காரியம். அந்துருண்டை மறுபக்கம் நின்று ஒன்றாம் பதிவேட்டை விரித்து இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். காற்றுக்குப் பக்கங்கள் படபடத்தன. "ஏட்டையா, அந்த ஓரத்தை மட்டும் ஒண்ணு பிடிக்கிளா?" என்று கெஞ்சினார். ஏட்டு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தார்.

மேனேஜர் தம் பாட்டனார் பெயரைக் கண்டார். மகிழ்ந்தார். பிறகு திரையில் வேறு எதையோ கண்டார்.

"சூப்பிரண்டு சாரே, அது போலீஸல்லே? நிங்ஙள் எவிடெயாணு? ரெஜிஸ்டர் எவிடெயாணு?"

குழு உறுப்பினர்களின் முகங்கள் சிறிய கட்டங்களில் அசையாமல் இருந்தன. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒரு கணம் நம்பிக்கை கொண்டேன். அறுந்திருக்கவில்லை.

"எல்லையில்" என்றேன். "பதிவேடு அந்தப் பக்கம் இருக்கிறது."

"ஆரு கொண்டு போயி? ஆருடெ பெர்மிஷன்?"

அந்துருண்டைக்கு மேனேஜரின் குரல் கேட்டுவிட்டது. பதிவேட்டை மூடி ஏட்டின் கையில் கொடுத்தார். தமது சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்து எனக்குக் காட்டினார். பதினோராம் பக்கம். கீழே என் கையொப்பம் அங்கிருந்தே தெரிந்தது.

"சாரே" என்று அடிக்குரலில் சொன்னார். "இது எனக்க கையிலதான் உண்டு. வேற நகல் கெடையாது. கிழிச்சிரட்டா? நான் களவாட்டுக் கொண்டுபோனேன்னு சொல்லிரும். சாருக்கு ஒண்ணும் வரப்பிடாது."

ஓர் ஆடு தும்மியதற்கு எழுதி வாங்கிய காகிதத்தைக்கூட எறிய அதிகாரமில்லை என்று சொன்ன மனிதர் அவர். காகிதத்தின் நடுவில் இரு கைவிரல்களையும் வைத்து, கிழிக்கத் தயாராக நின்றார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தார், கிழிவதைத் தான் பார்க்க வேண்டியிராதபடி.

நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எவர்க்கும் தெரிந்திருக்காது. அவர் வேலை போயிருக்கும். என் பெயர் நின்றிருக்கும். அந்தச் சொல்லை நான் யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். யோசித்தேன். இரண்டு மூச்சு விடும் நேரம் யோசித்தேன்.

"கிழிக்க வேண்டாம் ஓய். இங்கே காட்டும்" என்றேன்.

கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பினேன். "அனுமதி என்னுடையது. எழுத்தில் இருக்கிறது. அசல்கள் என் ஒப்புதலின் பேரில் மாநிலத்துக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. அறையில் இருப்பதாக நான் கொடுத்த சான்றிதழ் தவறு. கட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணினேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போது குழுவின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தொண்டையைச் செருமினார்.

"மேனேஜரே, ஒரு காரியம். ஞங்ஙளும் பேங்கில் இங்ஙனெதன்னெ. ரெக்கார்டு ஒரு ஸ்தலத்து, காப்பி தூரெ வேறொரு ஸ்தலத்து. சூப்பிரண்டு சாரு செய்தது நல்ல முன்கருதலாணு."

மேனேஜர் கண்ணாடியை மறுபடி அணிந்தார். "அங்ஙனெயாணோ?" என்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது. பாட்டனார் பெயரைக் கண்ட மகிழ்ச்சியும் இன்னும் இருந்தது. காகிதமா கணினியா என்ற வாக்கெடுப்பே நடக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும், இரண்டு மாநிலங்களில் இருக்கட்டும் என்று தீர்மானம் நிறைவேறிற்று. சான்றிதழை இனிப் பிரித்துப் பார்த்து எழுதும்படி எனக்கு ஓர் அறிவுரை. அதே மூச்சில் கண்காணிப்பாளரின் தொலைநோக்குக்குப் பாராட்டு. கூட்டக் குறிப்பில் இரண்டும் பதிவாயின.

தொலைநோக்கு என்னுடையதன்று. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையொப்பமிட்டவன். சான்றிதழை ஒப்புக்கொண்ட நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மண்மேட்டின் மேல் நின்றபோது அதற்கான துணிவு என்னிடம் மிஞ்சியிருக்கவில்லை. பிரிவுபசாரத்தில் மேனேஜர் அதே தொலைநோக்கைப் புகழ்ந்தபோதும் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கூட்டக் குறிப்பை இனி எவரும் திருத்தப்போவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்த யோசனை அவருடையது; முழுவதும் அவருடையது.

சில மாதங்கள் கழித்து மண்மேடுகளை அகற்றினார்கள். அகற்றிய மறுநாள் முற்பகலில், எனக்கு அலுவலகத்தில் யாதொரு வேலையும் இல்லாத நிலையில், குடையை எடுத்துக்கொண்டு அந்தக் குறுக்குச் சாலைக்குப் போனேன். அலுவலகத்துக்குச் சொல்லியிருந்தபடி அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கேரியரில் ஒன்றாம் பதிவேடு. ஆண்டுக்கொரு முறை அதை அலுவலகத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்று புதிய தீர்மானத்தில் விதி இருந்தது. ஆள் மெலிந்திருந்தார். நெடி மெலியவில்லை.

"சாரு என்னத்துக்கு வந்திய?"

"பதிவேட்டை வாங்கிக்கொள்ள" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தர்மசங்கடத்தோடு சைக்கிளைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். "அது... சாரு ரிட்டயர்டு ஆயாச்சுல்லா? வெளி ஆளுக்குத் தர எனக்கு அதிகாரம் கெடையாது சாரே. கோவப்படப்பிடாது."

"கோபம் எதற்கு? விதி விதிதான்" என்றேன்.

அலுவலகம் வரை கூடவே நடந்தேன். கடும் வெயில். பழைய காகிதத்துக்கு வெயில் ஆகாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக் கேரியருக்கு மேலே பிடித்துக்கொண்டேன். சித்திரையில் அதே காகிதத்துக்கு வெயில் காட்டுகிறவர் அவர்; இருந்தும் மறுக்கவில்லை. பெரிய குடை அது. அவர் தலைக்கும் எட்டிற்று.